முந்நீரில் நிற்கிறவர்கள்

சோலையப்பச் செட்டியார் கடலுக்குள் கணுக்காலளவு தண்ணீரில் நிற்பதை அவர் மனைவி உமையாள் முதன்முதலாகப் பார்த்தபோது, அதே சோலையப்பச் செட்டியார் அவளுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து வெண்பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது மாடிப் பால்கனியிலிருந்து பார்த்தால் கடற்கரை முழுவதும் தெரியும். அங்கே, அலை வந்து திரும்புகிற இடத்தில், ஹோட்டல் கொடுத்த வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு, இடது தோளைச் சற்றே இறக்கி, உச்சி வழுக்கையில் வெயில் பட, தூரத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தவர் சந்தேகமே இல்லாமல் அவர்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் பின்னால் நடந்து பழகிய முதுகு அது. திரும்பிப் பார்த்தாள். பொங்கல் சாப்பிடுகிறவரும் அவர்தான்.

"என்னங்க, கொஞ்சம் எந்திரிச்சு வாங்களேன். அந்தா நிக்கிறது நீங்கதானா பாருங்க."

செட்டியார் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். "நாந்தான். முதுகைப் பாத்தாத் தெரியலையா?" என்றார். திரும்பிப் போய் மிச்சப் பொங்கலைச் சாப்பிட்டார்.

உமையாள் போனை எடுத்துக் கீழே கூப்பிட்டாள். விருந்தினர்களைக் கவனித்துக்கொள்ளும் ஷெரின் என்ற பெண் உடனே மேலே வந்தாள், கையில் ஒரு பூங்கொத்தோடு.

"வாழ்த்துகள் மேடம். சாருக்குக் கணுக்கால் வந்தாச்சு. மேல் மாடியில ஒருத்தருக்கு இடுப்பே வந்தாச்சு. நல்லா ரெஸ்ட் ஆகுதுன்னு அர்த்தம். ஒண்ணும் பயப்படாதீங்க, எல்லாருக்கும் வர்றதுதான்."

எல்லாருக்கும் வருவதுதான். அதில் பொய்யில்லை. சென்னையின் தெற்குக் கரையில், ஒரு பக்கம் ஷேர் ஆட்டோக்களின் ஹாரனும் பிரியாணிக் கடை வரிசைகளும் கோயில் மைக்கும் கல்யாண மண்டபத்து வெடியுமாக நகரம் கூச்சல் போட்டுக்கொண்டிருக்க, மறு பக்கம் கடல் கிடக்க, இரண்டுக்கும் நடுவே 'முந்நீர்' என்று சுத்தத் தமிழில் பெயர் வைத்துக்கொண்டு, சுவரே இல்லாத முன்கூடமும் தாமரைத் தொட்டியும் சந்தன வாசமுமாக அந்த ஹோட்டலைக் கட்டியிருந்தார்கள். அங்கே எதையும் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. இளநீர் குடிக்கலாமா என்று நினைப்பதற்குள் இளநீர் வந்து நிற்கும். தலையணை உயரம் என்று முணுமுணுத்தால் தாழ்வான தலையணை வந்து சேரும். இப்படி மூன்று வேளையும் கவனிக்கப்பட்ட ஒரு விருந்தாளி, ஒருநாள் காலையில் தன் அறையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே கடலிலும் நின்றார். அதிலிருந்துதான் இது தொடங்கியது. ஏன் என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை, கேட்ட ஒன்றிரண்டு பேரும் சீக்கிரமே நிற்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஊர் அதை ஏற்றுக்கொண்ட வேகம் இருக்கிறதே, அதுதான் எனக்குப் பெரிய அதிசயம். முதலில் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். ஆளைக் காணோம் என்று புகார் இல்லை, நிற்கிறவரோ மேலே அறையில் தோசை சாப்பிடுகிறார், பிறகு நான் யாரைத் தேட என்று கேட்டுவிட்டு டீ குடித்துப் போனார். அதிகாரி ஒருவர் வந்து, அலைக்கு இந்தப் பக்கம் வரைக்கும்தான் என் பொறுப்பு என்றார். அலைக்கு அந்தப் பக்கத்து அதிகாரியோ, அவர்கள் மீனும் இல்லை படகும் இல்லை, எந்தச் சட்டத்தில் சேர்ப்பது என்று தலையைச் சொறிந்தார். பக்கத்துக் குப்பத்து ஆட்கள் இரண்டு நாள் பயந்தார்கள். ஒருவர் துணிந்து தண்ணீரில் இறங்கிப் போய்த் தொட்டுப் பார்த்து, உடம்பு சூடாகத்தான் இருக்கிறது, நாடி ஓடுகிறது, கண் மட்டும் இமைக்கவில்லை, இழுத்தால் ஒரு அங்குலம் அசையவில்லை என்று வந்து சொன்னார். அதற்குப் பிறகு அவர்கள் வலையை ஒதுக்கிப் போடப் பழகிக்கொண்டார்கள், படகைச் சுற்றி ஓட்டப் பழகிக்கொண்டார்கள், 'நிற்கிறவர்கள்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். சாயங்காலம் ஆனால் நகரத்துக் கூட்டம் குழந்தை குட்டிகளோடு வந்து வேடிக்கை பார்க்கும். சுண்டல்காரர்களும் மிளகாய் பஜ்ஜிக்காரர்களும் அந்தப் பக்கமே கடையை மாற்றிக்கொண்டார்கள். ஒரு பக்திமான் மட்டும், இடுப்பளவில் நின்ற ஒரு சினிமாக் கம்பெனி மேனேஜரை மகான் என்று நினைத்து மாலை போட்டுவிட்டு வந்தார்.

ஹோட்டலுக்குள் அது பெருமையாகவே ஆகிவிட்டது. நிற்கிறவர்கள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. நாளுக்கு ஒரு அடியோ இரண்டடியோ உள்ளே போவார்கள், யார் எவ்வளவு சௌகரியமாக இருக்கிறார்களோ அதைப் பொறுத்து. காலைப் பலகாரத்தின்போது, வாக்கிங் போகிற பெரியவர்கள் ஒருவருக்கொருவர் சர்க்கரை அளவு விசாரிப்பதுபோல, "எனக்கு முழங்கால் தாண்டிட்டுது, உங்களுக்கு?" என்று விசாரித்துக்கொள்வார்கள். இடுப்பு வந்தவரைப் பார்த்துக் கணுக்கால்காரர் பெருமூச்சு விடுவார். பால்கனிக்குப் பால்கனி தொலைநோக்கி வைத்திருந்தார்கள். அவரவர் தங்களைத் தாங்களே பார்த்துக் கை அசைத்துக்கொள்ளலாம், கடலில் நிற்கிறவர் திரும்பிக் கை அசைக்கமாட்டார் என்பது ஒன்றுதான் குறை.

உமையாளுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் மகன், அப்பச்சி இரும்புக்கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து ஊரையே குறை சொல்லிக்கொண்டிருக்கிறாரே, ஆத்தாளும் ஓய்வில்லாமல் இருக்கிறாளே என்று இரக்கப்பட்டுத்தான் இருவரையும் காரைக்குடியிலிருந்து இங்கே அனுப்பி வைத்திருந்தான். ஆனால் ஓய்வெடுப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. படுக்கையைத் தட்டிப்போட ஆள் வருவதற்கு முன்பே தானே தட்டிப்போட்டாள். குளியலறையில் தன் சேலையைத் தானே அலசிப் பால்கனியில் காயப்போட்டாள். சாப்பிட்ட தட்டைக் கழுவி வாசலில் கவிழ்த்து வைத்தாள். பார்த்த ஷெரினுக்கு உண்மையிலேயே வருத்தம்.

"மேடம், உங்களுக்கு இன்னும் கால் கூட நனையலையே. ஒரு எண்ணெய் மசாஜ் சொல்லட்டுமா?"

"எனக்கு எதுக்கும்மா? அவுகளைப் பாத்துக்கிறதுக்கே எனக்கு நேரம் சரியா இருக்கு."

அது உண்மைதான். செட்டியாரைப் பார்த்துக்கொள்வது என்பது அவர் சொல்லும் குறைகளை நிவர்த்தி செய்வது. காப்பி ஆறிப்போச்சு, மின்விசிறி சத்தம் போடுது, பங்காளி மதிக்கலை, முழங்கால் குத்துது, மழை பெய்யலை, மழை விடலை என்று விழித்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் குரல்தான் அவளுடைய வீடு. அது தொணதொணப்பு என்று அவளே மகளிடம் அலுத்துக்கொண்டதுண்டு. இங்கே வந்த பிறகு, தண்ணீர் அவருக்கு முழங்காலுக்கு ஏறியபோது, அந்தக் குரல் மெல்லக் குறைந்தது. ஆறிய காப்பியை அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்தார். சிரித்த முகமாக இருந்தார். உமையாள் முதலில் சந்தோஷப்பட்டாள், அப்புறம் பயந்தாள்.

முழுக்க முங்கினவர்களை அவள் அதற்குள் பார்த்திருந்தாள். தலையும் தண்ணீருக்குள் போய்விட்டால், போனவருடைய ஆள் ஹோட்டலில் நன்றாகவே இருப்பார், நடப்பார், சாப்பிடுவார், சீட்டு விளையாடுவார். யாருடையவராகவும் மட்டும் இருக்கமாட்டார். கும்பகோணத்து டாக்டர் பஞ்சநதம் அப்படி முங்கினவர். அவரை அழைத்துப்போக மகன் வந்து, முன்கூடத்தில் எல்லாரும் பார்க்க, "அப்பா, அம்மா சாப்பிடாமக் கிடக்கறா, கிளம்புங்கோ" என்று கையைப் பிடித்து அழுதான். டாக்டர் மிக மரியாதையாக அவன் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தம்பிக்கு எந்த ஊர்? ரொம்பக் களைச்சுப்போயிருக்கேளே, ஒரு எலுமிச்சை ஜூஸ் சொல்லட்டுமா?" என்றார். மகன் ரகளை செய்தான், வழக்குப் போடுவேன் என்றான், அப்பாவுக்குப் புத்தி சொல்லி அழைத்துப்போகலாம் என்று ஒரே ஒரு நாள் தங்கினான். மறுநாள் காலையில் அவனும் கணுக்காலளவு தண்ணீரில் நின்றான், ஷெரின் பூங்கொத்து கொடுத்தாள்.

செட்டியாருக்கு இடுப்பு தாண்டியபோது ஊரிலிருந்து மகள் தேனம்மை போன் செய்தாள். அவளுக்கு இது பேறுகாலம், தலைப்பிரசவம். உமையாள் போனை அவர் கையில் கொடுத்தாள். அவர் கேட்டார், தலையாட்டினார், "நல்லதும்மா, உடம்பைப் பாத்துக்க" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நல்ல பொண்ணு. யாரு?" என்று கேட்டார்.

உமையாள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, இன்றைக்கே கிளம்புவோம் என்றாள். செட்டியார் மறுக்கவில்லை. கார் வந்தது. வாசல் வரைக்கும் நல்லபிள்ளையாக நடந்து வந்தவர், காரின் கதவு திறந்ததும், "ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போவமே" என்று திரும்பினார். காப்பிக்குப் பிறகு ஒரு குளியல், குளியலுக்குப் பிறகு ஒரு தூக்கம். சாயங்காலம் டிரைவர் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். மறுநாளும் அதேதான் நடந்தது. அவரை யாரும் தடுக்கவில்லை, கதவுகள் எல்லாம் திறந்துதான் கிடந்தன, அவருடைய கால்தான் ஹோட்டல் பக்கமே திரும்பியது.

புதன்கிழமை காலையில் உமையாள் பால்கனிக்கு வந்தபோது கடலில் செட்டியாரின் வழுக்கைத் தலையும் கழுத்தும் மட்டும் தெரிந்தன. பெரிய அலை வந்தால் அதுவும் மறைந்து மறுபடி தெரிந்தது. உள்ளே அவர் சோபாவில் உட்கார்ந்து, ஒலியில்லாத டிவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவள் யோசித்தாள். இன்றைக்கு இவர் தானாக நகரமாட்டார், தூக்கிப்போக ஆளும் உடனே கிடைக்காது. நாளைக்கு எப்படியாவது ஆள் வைத்துத் தூக்கிப் போட்டுக்கொண்டாவது போய்விடலாம் என்றால், நாளைக்கு வியாழன், தெற்கே சூலம். காரைக்குடிக்குத் தெற்கேதான் போக வேண்டும், அவள் பிறந்து வளர்ந்த வீட்டில் சூலத்துக்கு எதிரே யாரும் வாசல்படி தாண்டியதில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்தத் தலை தண்ணீருக்கு மேலே இருக்காது. இப்படி எல்லாப் பக்கமும் அடைபட்டு நின்றபோதுதான் அவளுக்குப் பரஸ்தானம் நினைவு வந்தது. போக வேண்டிய நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் வருகிற நல்ல நாளில், பயணப்படுகிறவருடைய பை ஒன்றைப் போகிற திசையில் இருக்கும் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது வழக்கம். பை போனால் ஆள் போனதாகக் கணக்கு. மறுநாள் நிதானமாக வந்து பையை எடுத்துக்கொண்டு மேலே போகலாம், சூலம் ஒன்றும் செய்யாது. கடலுக்குப் பஞ்சாங்கம் தெரியுமா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். நிலாவைப் பார்த்துப் பார்த்து ஏறி இறங்குகிற கடலைவிடப் பஞ்சாங்கம் பார்க்கிறவர் வேறு யார்?

சின்னத் தோள்பை ஒன்றை எடுத்துச் செட்டியாருடைய வேட்டி, சட்டை, துண்டு, மாத்திரை டப்பா, கண்ணாடிக் கூடு எல்லாம் வைத்தாள். கடைசியில் தன்னுடைய சேலை ஒன்றையும் மடித்து வைத்தாள். ஜிப் மூடவில்லை. அமுக்கிப் பார்த்தாள், முழங்காலை வைத்து அழுத்திப் பார்த்தாள், மூடவில்லை. நான் எங்கே போயிடப் போறேன், அவுக கூடத்தானே வரப்போறேன் என்று நினைத்துக்கொண்டு சேலையை வெளியே எடுத்து அலமாரியில் போட்டாள். ஜிப் சுலபமாக மூடிக்கொண்டது.

ஹோட்டலுக்குத் தெற்கே, குப்பத்து முனையில், ரெஜினா என்ற பெண் இட்லிக் கடை வைத்திருந்தாள். கடைக்குப் பின்னால் ஒரே அறைதான் அவள் வீடு. உமையாள் சாலையைக் கடந்து, வெயிலில் நடந்துபோய், விஷயத்தைச் சொன்னாள்.

ரெஜினா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "இன்னாம்மா சொல்ற? பை என் வூட்ல இருந்தா, ஆளு ஊருக்குப் போயிட்டதா கணக்கா?"

"ஆமா தாயி. எங்க பக்கத்து வழக்கம். நாளைக்கு வந்து எடுத்துக்கிருவோம். உனக்குப் புண்ணியமாப் போகும்."

"வச்சிக்கோ, எனக்கின்னா. அந்த மாதா படத்தாண்ட வை, எலி வராது." பையைப் பார்த்தாள். "இது ஆம்பள துணி மாறி கீதே. உன்து எங்க?"

"வீட்டுக்கு ஒரு பை போதும். வீட்டுக்காரவுக கிளம்புனா நாங்களும் கிளம்புனதாத்தான் அர்த்தம்."

"அத்தெல்லாம் உங்க ஊர்ல சரிம்மா," என்று ரெஜினா இட்லித் தட்டைத் திறந்தாள். ஆவியில் அவள் முகம் தெரியவில்லை. மேலே ஏதோ சொல்ல வந்தவளைப் போலிருந்தது, அதற்குள் வாடிக்கையாளர் ஒருவர் சட்னி கேட்டார்.

அன்றிரவு உமையாள், ஹோட்டலுக்கு வந்த பிறகு முதன்முறையாக, இடையில் விழிக்காமல் தூங்கினாள். வியாழக்கிழமை காலையில் கடற்கரையிலிருந்து ஒரு பெரிய கூச்சல் கேட்டு எழுந்து ஓடினாள். கழுத்தளவில் நின்ற செட்டியார் திரும்பியிருந்தார். இதுவரை திரும்பி முகம் காட்டிய ஒருவர்கூடக் கிடையாது. கண் இமைக்காமல், அங்கி சொட்டச் சொட்ட, மார்பளவு, இடுப்பளவு, முழங்காலளவு என்று ஏறி வந்து, கரையில் கூட்டம் விலகி வழிவிட, பஜ்ஜிக் கடைகளைத் தாண்டி, மணலில் ஈரத் தடம் பதித்துக்கொண்டு அந்த உருவம் ஹோட்டலை நோக்கி நடந்து வந்தது. தாய்மார்கள் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள். ஷெரின் முன்கூடத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

அறைக்குள் செட்டியார் எழுந்து உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "சனியன், என்னமாக் குத்துது. இந்த ஏசிக் காத்துல மனுசன் இருப்பானா? ஏன் உமையா, காப்பிங்கிற பேர்ல என்னத்தைக் கொண்டுவந்து வச்சிருக்கானுக, பச்சைத் தண்ணியா இருக்கு!"

உமையாள் சந்தோஷத்தில் அவருடைய முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். வலிக்குது விடுடீ என்று அவர் கத்தினார். அதைக் கேட்டு இன்னும் அழுதாள்.

"தேனம்மைக்கு எப்ப நாள் சொல்லியிருக்காக? நம்ம இங்க என்ன செஞ்சுக்கிட்டிருக்கோம்? என் பை எங்க?"

"பை முன்னாடியே கிளம்பிருச்சு. தெக்கால, முனையில, இட்லிக் கடை ரெஜினா வீட்ல இருக்கு. நீங்க போய் எடுத்துக்கிட்டு அங்கயே நில்லுங்க. நான் சாமானை எல்லாம் கட்டி, கார் சொல்லிட்டு, பின்னாடியே வாரேன்."

செட்டியார் குறை சொல்லிக்கொண்டே மாடிப்படி இறங்கியதை அவள் கடைசிப்படி வரைக்கும் காதால் கேட்டாள். போர்ட்டிகோவில் ஈர அங்கியோடு நின்ற உருவத்துக்குள் அவர், கழற்றிப்போட்ட செருப்பில் காலை நுழைப்பதுபோல நுழைந்து, நனைந்த அங்கியை உதறிக்கொண்டு, சாலையைக் கடந்து தெற்கே போனதைப் பால்கனியிலிருந்து பார்த்தாள். அவர் போய்விட்டார். காப்பாற்றியாகிவிட்டது. அந்த நிம்மதி அவளைத் தலையிலிருந்து கால்வரை வந்து நிரப்பியது.

கட்ட வேண்டிய சாமான் கொஞ்சம்தான். ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுக் கட்டலாம் என்று படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தாள். அறை அமைதியாக இருந்தது. யாருக்கும் காப்பி ஆறவில்லை, யாருக்கும் முழங்கால் குத்தவில்லை, யாரும் உமையா என்று கூப்பிடவில்லை. கல்யாணமானதிலிருந்து, அதற்கு முன்னால் தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்த்த காலத்திலிருந்து, இப்படிச் செய்வதற்கு ஒன்றுமே இல்லாத ஒரு பகல் பொழுது அவளுக்கு வாய்த்ததில்லை. மெத்தை மெத்தென்றிருந்தது. காலை மேலே தூக்கிப் போட்டுக்கொண்டாள். அவளுடைய பை எந்த வீட்டிலும் இல்லை, எந்தக் கணக்கிலும் அவள் கிளம்பியிருக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதும் தோன்றவில்லை.

கரையில் அப்போது நடந்ததைச் சுண்டல்காரர்கள் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் நாளுக்கு ஒரு அடி என்று இறங்கியவர்கள். இந்த அம்மாள் மட்டும், கண்டாங்கிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கணுக்காலில் தோன்றிய கையோடு, வேலைக்கு நேரமாகிவிட்டவளைப் போல, நிற்காமல் விறுவிறுவென்று உள்ளே நடந்தாளாம். வருஷக்கணக்கில் சேர்ந்து கிடந்த அத்தனை களைப்பும் ஒரே மூச்சில் இறங்குகிறதே என்று பார்த்தவர்கள் கையிலிருந்த சுண்டலைக்கூட மறந்து நின்றார்களாம். முகவாய்க்குத் தண்ணீர் வந்த இடத்தில்தான் நின்றாளாம்.

கதவு தட்டும் சத்தத்தில் உமையாள் விழித்தாள். உடம்பு பஞ்சாக இருந்தது. பணியாள் தேநீர் கொண்டு வந்திருந்தான். அவன் ஊற்றிக் கொடுக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். என்னவோ செய்ய வேண்டும், எங்கேயோ போக வேண்டும் என்று ஏதோ ஒன்று லேசாகத் தட்டியது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. கோப்பையை வாங்கிக்கொண்டு பால்கனிக்கு வந்தாள்.

கீழே ஒரே கூட்டம். கடலுக்குள் ஒரு பெண், முகவாய்வரை தண்ணீரில், கொண்டை கலையாமல் நின்றிருந்தாள். வேட்டி கட்டிய வயதானவர் ஒருவர், தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் நின்று, இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அசையவில்லை. "உமையா! உமையா! நான் வந்துட்டேன், திரும்பிப் பாரு உமையா!" என்று அவர் கத்தியது மூன்றாவது மாடிவரை தெளிவாகக் கேட்டது. குப்பத்து ஆட்கள் இரண்டு பேர் அவரை இடுப்பில் பிடித்துக் கரைக்கு இழுக்கப் பார்த்தார்கள், அவர் விடவில்லை. ஒரு அலை வந்தது. அது போன பிறகு தண்ணீருக்கு மேலே அந்தப் பெண்ணின் கொண்டை தெரியவில்லை. அவர் வெறும் கையை உயர்த்திப் பார்த்துக்கொண்டு அழுதார்.

உமையாளுக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

"யார் வீட்டு மனுசரோ, பாவம்," என்றாள். "இந்த வயசுல இப்படித் தொண்டை கிழியக் கத்துறாரே. கூட யாரும் வரலையா?"

"தெரியலை மேடம்," என்றான் பணியாள்.

"அந்தக் கண்ணாடிக் கதவைக் கொஞ்சம் சாத்திருங்க தம்பி."

அவன் சாத்தினான். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தேநீரில் சர்க்கரை அளவாக இருந்தது.